படத்தில் சத்தம் இல்லாத இடங்கள்

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி யாராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்டால், அதில் எவ்வளவு நேரம் ஆட்கள் கதைக்காமல் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். நடிப்பு, பாட்டு, படம் பிடித்த விதம் எல்லாம் எனக்குப் பிறகுதான். ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கிற படம் நல்ல படம். வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்க்கிற படம் எனக்கு ஆகாது. ரசனை கெட்டவள் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். என் கணவருக்குக் கண் தெரியாது. வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பார்த்து அவருக்குச் சொல்கிறவள் நான்.

கண்டாவளைப் பக்கத்து வயல்களில் முப்பது வருடமாக உழவு மெசின் ஓட்டிய மனிதர் அவர். சீனி வருத்தம் முதலில் காலில் ஒரு விரலை எடுத்தது, பிறகு வலது கண்ணை எடுத்தது. இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, போன மாரி முடிந்த கையோடு சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிந்தன. மூன்று மாதம் போகட்டும், தெளிய வேண்டியது அதற்குள் தெளிந்துவிடும், தெளியாவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண் டொக்டர் சொன்னார். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் எல்லாமே அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு நின்றன. மனதில் இருந்தது அந்த ஒரு கண் வருமா வராதா என்பது மட்டும்தான். ஆனால் அதை இரண்டு பேரும் வாய் திறந்து கதைப்பதில்லை. அதற்குப் பதிலாகப் படம் பார்த்தோம்.

மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். பெரிய ரீவி ஒன்றை வாங்கி அனுப்பி, இணையத்தில் படம் பார்க்கிற வசதியும் செய்து தந்து, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்றாள். அப்பாவுக்குப் பொழுது போனது. எனக்கு மூச்சுப் போனது. பகல் முழுவதும் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் இருந்து படிவங்களைப் பார்த்து, பிழை பிடித்து, திருப்பி அனுப்பி, பின்னேர பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்குவேன். குசினியில் புட்டை அவித்து வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் அவர் கதிரையை ரீவிக்கு நேரே போட்டு இருப்பார். பார்க்கிறவர்களைப் போலவே முகத்தை நிமிர்த்தி வைத்திருப்பார். நான் வந்து பக்கத்தில் இருக்காமல் படத்தைப் போட விடமாட்டார். சில நாள் அந்தக் கதிரையைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதை மறைத்து என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள நான் பார்க்கவில்லை.

தொடக்கத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் சொன்னேன். நீலச் சீலை, மேசையில் பூச்சாடி, சுவரில் மணிக்கூடு. இரண்டாம் நாளே அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“சீலையின்ர நிறம் எனக்கு வேண்டாம். ஆள் எங்க பாக்குது எண்டு சொல்லும்.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. படத்தில் ஆள் கதைக்கும்போது நான் வாய் திறக்கக் கூடாது. கதை நின்ற இடத்தில், அடுத்த கதை தொடங்குவதற்குள், யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்க்காமல் நிற்கிறார், கை எங்கே இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட வேண்டும். சில இடைவெளி ஒரு மூச்சு நீளம்கூட இராது. ஒரு சொல் பிந்தினால் அது அடுத்த வசனத்தின் மேல் ஏறி விழும், அவர் முகத்தைச் சுளிப்பார். படம் முடிய என் தொண்டை வறண்டு கிடக்கும். படம் எப்படி என்று மகள் தொலைபேசியில் கேட்பாள். நான் எங்கே பிள்ளை படம் பார்த்தேன், இரண்டாவது வேலைக்கல்லவா போய்விட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரும். நல்ல படம் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

முதலில் பார்த்தது பெரிய கதாநாயகன் ஒருவரின் படம். மூன்று மணித்தியாலம். அதில் பாதி நேரம் அவர் நடக்கிறார். பின்னால் ஏதோ எரிகிறது, மேளம் அடிக்கிறது, அவர் மெதுவாக நடக்கிறார். நடக்கிறார் என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இவர் இன்னுமா என்று கேட்டார். இன்னும்தான் என்றேன். எங்கே போகிறார் என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை, சும்மா நடக்கிறார் என்றேன். அடிபாடு தொடங்கியதும் என் பாடு இன்னும் மோசம். ஒருவர் பின் ஒருவராக ஓடி வருகிறார்கள், பறந்து போய் விழுகிறார்கள். முதல் ஐந்து பேரை ஒழுங்காகச் சொன்னேன். பிறகு அடிக்கிறார், விழுகிறான், அடிக்கிறார், விழுகிறான் என்று நெல் அளக்கிறவர்கள் மாதிரிச் சொல்லி, ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். அவரும் கேட்கவில்லை. ஊர் முழுக்கக் கொண்டாடிய படமாம். எங்கள் வீட்டில் இடைவேளையோடு நின்றது.

பேய்ப் படம் அவருக்குப் பிடிக்கும், எனக்குப் பயம். சத்தம் திடீரென்று உயரும்போது நான் கண்ணை மூடிவிடுவேன். என்ன, என்ன என்று அவர் கேட்பார். தெரியாது, நான் பார்க்கவில்லை என்பேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு பேருமே பார்க்காமல் அந்தப் படம் தன்பாட்டில் ஓடியது. அது விளங்கியதும் அவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலில் போய் முடிந்து, நான் எழும்பித் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் அலுப்பில்லாமல் இருந்த பின்னேரம் அது ஒன்றுதான். படத்தைப் பற்றி என்றால், பேயின் பக்கம் நியாயம் இருந்தது, அந்த வீட்டுக்காரரின் பக்கம் இல்லை.

மகள் மிக நல்ல படம் என்று சொல்லிவிட்ட ஒரு மலையாளப் படம் என்னைக் கொன்றே போட்டது. கீழே தமிழில் எழுத்து ஓடும். எழுத்தையும் வாசிக்க வேண்டும், முகத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வயோதிபர் ஜன்னலால் மழையைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். மேசையில் தேத்தண்ணி ஆறுகிறது. என்ன நடக்கிறது என்று இவர் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். ஒன்றும் நடக்காததை எப்படிக் காட்டுகிறார்கள் என்று கேட்டார். நாள் முழுக்கப் படிவம் பார்த்த கண்ணுக்கு அந்த மழையும் அந்த ஜன்னலும் இதமாகத்தான் இருந்தன. என் பாட்டில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டிருந்தால் நானும் அந்தப் படத்தைப் புகழ்ந்திருப்பேன்.

தேயிலை மலையில் எடுத்த ஒரு காதல் படம். கதாநாயகி கொழுந்து பறிக்கிறாள் என்றேன். கூடையின் கயிறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பள்ளிக்கூடப் பையைப் போலத் தோளில் மாட்டியிருக்கிறாள் என்றேன். சிரித்தார். அவருடைய தாய் மலைநாட்டில் கொழுந்து எடுத்தவர். வன்னிக்கு வந்து வயலில் நெல் அருவி வெட்டிய காலத்திலும், கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் தலைமயிர் ஐதாகத்தான் இருந்தது என்று சொல்வார். அந்தக் கூடைக்குப் பிறகு அந்தப் பெண்ணின் காதலையும் நாங்கள் நம்பவில்லை.

இன்னொரு படத்தில் கதாநாயகன் மெசினில் வயலை உழுதுகொண்டு அறிமுகமானான். சத்தத்தைக் கேட்டவுடனேயே இவர், கலப்பை மண்ணில் இல்லை, தூக்கியிருக்கிறது, போய்ப் பாரும் என்றார். எழும்பிப் போய்க் கிட்ட நின்று பார்த்தேன். கலப்பை ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டு போனது. படம் எடுத்த அத்தனை பேரும் கண்டுபிடிக்காததை இந்த மனிதர் கதிரையில் இருந்து காதால் பிடித்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இடது கண் கொஞ்சமாவது வந்துவிடாதா என்று உடனே நெஞ்சும் வலித்தது.

எங்கள் ஊர்ப் பெண்ணாக ஒருத்தி வருகிற சென்னைப் படம் ஒன்றும் பார்த்தோம். பேச்சுத் தமிழ் படிப்பித்தவர் யாரோ தெரியாது, வீட்டு நாயையும் அவள் வாங்கோ, இருங்கோ என்று கூப்பிட்டாள். யுத்தப் படங்களை நாங்கள் போடுவதில்லை. அந்தச் சத்தங்களுக்கு விளக்கம் சொல்ல இவருக்கு ஆள் தேவையில்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

கிளினிக்குக்கு மூன்று கிழமை இருந்தது. அன்று காலையிலேயே அவர் சரியில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கைதவற விட்டு உடைத்திருந்தார். முன்பு தெரிந்த வெளிச்சமும் குறைந்த மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எனக்கோ அலுவலகத்தில் இருந்தே தலையிடி. இன்றைக்குப் படம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். கதிரை ரீவிக்கு நேரே போட்டிருந்தது. சொல்லவில்லை.

அண்ணனும் தங்கச்சியுமாக வளர்ந்த இரண்டு பேரின் படம். அண்ணன் கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விடுகிறான். இடையில் எத்தனையோ வந்து போகிறது, கண்டக்டராக வந்தவர் நன்றாக நடித்தார், பாட்டுகள் அநியாயத்துக்கு நீளம். முடிவில் வருகிறேன் என்று அண்ணன் சொல்லி அனுப்புகிறான். தங்கச்சி பஸ் நிலையத்தில் நிற்கிறாள். கடைசி பஸ் வருகிறது. ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். ஒருவரும் கதைக்கவில்லை, ஒரு வயலின் மட்டும் ஒலிக்கிறது. எல்லோரும் இறங்கி முடிய டிரைவர் உள் லைற்றை அணைக்கிறார். அண்ணன் வரவில்லை.

இவர் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, இறங்கிவிட்டானா என்று கேட்டார்.

இறங்கிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். தங்கச்சியைப் பார்க்கிறான் என்றேன். அவள் அவனுடைய பையை வாங்குகிறாள் என்றேன். கேட்காத பையை ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை என்பது உண்மை. வரவில்லை என்று சொன்னால் பிறகு அவள் எப்படி நிற்கிறாள், எங்கே பார்க்கிறாள் என்று இன்னும் பத்து நிமிடம் சொல்ல வேண்டி வரும், எனக்குத் தலை வெடிக்கிறது என்பதும் உண்மை. அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து, அப்பாடா என்றார். இரண்டு குழல் புட்டையும் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த ஞாயிறு சந்திச் சலூனில் அவரை விட்டுவிட்டு நான் மரக்கறி வாங்கப் போனேன். சலூன் என்றால் மயிர் வெட்டுவதை விடக் கதைதான் அதிகம். கண் போன பிறகும் அவருக்கு அங்கே மதிப்புக் குறையவில்லை, படம் பற்றி அண்ணையைக் கேட்போம் என்பார்கள். அன்று இந்தப் படத்தைப் பற்றிக் கதை வந்திருக்கிறது. இவர் அண்ணன் இறங்கி வந்ததையும், தங்கச்சி பையை வாங்கியதையும் நன்றாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். முதலில் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு விளங்கியிருக்கிறது. அவன் வரவில்லையே அண்ணை என்று சலூன்காரர்தான் மெதுவாகச் சொன்னாராம்.

நான் போனபோது வெட்டி முடித்து, கழுத்தில் பவுடரோடு வாங்குப் பலகையில் இருந்தார். என் தோளைப் பிடித்தபடி வீடு வரை நடந்தார். வந்து கதிரையில் இருந்த பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். சத்தம் போடவில்லை.

“எனக்காக மறைச்சனீரோ, களைப்பில மறைச்சனீரோ எண்டு நான் கேக்கேல்லை. நீர் மாத்திச் சொன்னா நான் வேற ஆரிட்டைக் கேக்கிறது?”

இரண்டுக்குமாகத்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் குசினிக்குப் போய் மரக்கறியைக் கழுவினேன்.

அன்றிலிருந்து படம் இல்லை. கதிரையைப் பழையபடி சுவர் ஓரம் தள்ளி வைத்தார். முதல் நான்கைந்து நாள் எனக்கு ஆறுதலாக இருந்தது. வந்தேன், சமைத்தேன், படுத்தேன். வாய் சும்மா இருப்பது எவ்வளவு சுகம் என்று நினைத்தேன். பிறகுதான் மற்றதைக் கவனித்தேன். மழை இருட்டுகிறதா என்று என்னைக் கேட்பார், நான் இல்லை என்பேன், கொஞ்சம் பொறுத்து வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். லைற் போட்டிருக்கிறதா என்று கேட்பார், ஓம் என்பேன், எழும்பி நின்று பல்பின் சூட்டைக் கையால் தேடுவார். கறியில் முள் எடுத்துவிட்டேன் என்று சொன்ன மீனை விரலால் நுள்ளி நுள்ளிச் சாப்பிட்டார். ஒரு படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் மிச்சம் பிடித்த களைப்புக்கு, வீட்டில் நான் சொல்கிற எதற்கும் பெறுமதி இல்லாமல் போனது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. வந்த கோபம் அவர் மேலேயா என் மேலேயா என்றும் தெரியவில்லை.

அப்படியே கிளினிக் நாள் வந்தது. விடிய எழும்பி, முதல் பஸ் எடுத்து, ஆஸ்பத்திரி வாங்கில் போய் இருந்தோம். கிளினிக் கொப்பி என் மடியில். முன்னால் நிறையப் பேர். பக்கத்தில் இருந்தவர் தொலைபேசியில் யாரோ அனுப்பிய பகிடிக் காட்சி ஒன்றைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். இவர் அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். வேறொரு நாள் என்றால் என்ன காட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்டிருப்பார். கேட்கவில்லை.

கூப்பிட்டபோது பகலாகிவிட்டது. கண் டொக்டர் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார், பெண். மிகவும் பொறுமையானவர். நாடியைக் கண் பார்க்கிற கருவியில் வைக்கச் சொல்லி, இடது கண்ணுக்குள் நீண்ட நேரம் பார்த்தார். வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் காட்டி, தெரிகிறதா ஐயா என்று கேட்டார். இவர் ஓம் என்றார், பிறகு, இல்லை, நினைக்கிறேன் என்றார். டொக்டர் லைற்றை அணைத்தார். கதிரையைப் பின்னால் தள்ளினார். கொஞ்ச நேரம் அறையில் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் டொக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்பதாகத் தலையை ஒரு தரம் அசைத்தார்.

பிறகு கொப்பியில் எழுதிக்கொண்டே, மருந்தைத் தவறாமல் விடுங்கள், சீனியைக் கட்டுப்படுத்துங்கள், ஆறு மாதத்தால் வந்து காட்டுங்கள் ஐயா என்று இவரிடம் அன்பாகத்தான் சொன்னார். இவர் நன்றி சொல்லிக் கும்பிட்டார்.

மருந்து எடுத்துக்கொண்டு வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தோம். நல்ல வெயில். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். தெரியாத கண்ணுக்குக் கண்ணாடி துடைக்கிறாரே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டொக்டர் கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தவா. அப்ப என்ன நடந்தது?”

கொப்பியில் எழுதினார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யுமில்லை. ஆறு மாதத்துக்கு அவர் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இருந்திருப்பார், எனக்கும் ஆறு மாதம் நிம்மதியாகப் போயிருக்கும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தார்.

“லைற்றை நிப்பாட்டினவா. கதிரையைப் பின்னால தள்ளினவா. பிறகு உங்களைப் பாக்கேல்லை, என்னைப் பாத்தவா. இல்லை எண்டு தலையை ஆட்டினவா.”

“எத்தினை தரம்?”

“ஒருக்காத்தான்.”

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ரோட்டில் ஒரு லொறி போய் முடியும் வரை பொறுத்தார்.

“உமக்கு அப்ப என்ன நினைப்பு வந்தது?”

இதையும் மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மாற்றவும் விருப்பமில்லை.

“உங்கட கண்ணைப் பற்றி வரேல்லை,” என்றேன். “இனிக் கடைசிமட்டும் நான்தான் சொல்லவேணும் எண்டு வந்தது. களைச்சுப் போனன் எண்டு வந்தது.”

சொன்ன பிறகு வெட்கத்தில் உடம்பு கூசியது. அழுகை வந்தது, அடக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பவில்லை. பஸ் வருகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, மடியில் இருந்த கொப்பியைத் தடவி எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“டொக்டர் கதைக்காமல் இருக்கேக்க எனக்கும் முதல் அதுதான் வந்தது,” என்றார். “பாவம், இனிக் கடைசிமட்டும் இவதான் எண்டு.”